பீரோவுல தூங்குற கேமரா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எங்கப்பாவோட ஸ்டூடியோ கேமரா பத்தி ஒரு பக்கம் எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள பாத்தா தமிழ்நாட்டுல பாதி வீட்டு பீரோவுல ஒரு கேமரா தூங்கிட்டு இருக்கும் போல. எல்லாத்துக்கும் பதில் எழுத எடம் பத்தாது, ஒரே மாதிரி கேட்டத எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். பேரு போட வேணாம்னு சில பேரு சொன்னதால எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

தாத்தாவோட ஆக்ஃபா க்ளிக் த்ரீ கேமரா பரண்ல கிடைச்சுது சார். க்ளிக் பண்ணா சத்தம் வருது. இதுக்கு இன்னமும் ஃபிலிம் கிடைக்குமா? படம் விழுமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

விழும் தம்பி, சத்தம் வருதுல்ல, அதுவே பாதி பாஸ். அது பரோடாவுல தயாரான கேமரா, ஒரு காலத்துல நடுத்தரக் குடும்பத்துக்கு மொத கேமரான்னா இதான், அதுல கெட்டுப்போறதுக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஒரு ஸ்பிரிங்கு, ஒரு தகடு, ஒரு லென்ஸ், அவ்ளோதான் கதை. அதுக்கு வேணுங்கிறது 120ங்கிற அளவு ரோல். இப்பவும் கோடாக், இல்ஃபோர்ட், ஃபோமா எல்லாருமே 120 போடறாங்க, ஆன்லைன்ல வாங்கிக்கலாம். ஒரு ரோலுக்கு 12 படம், சதுரமா வரும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. கேமராவ திறந்தா உள்ள ஒரு காலி ஸ்பூல் இருக்கணும். 120ல ரோல திருப்பி சுத்துற வேலையே இல்ல, ஒரு ஸ்பூல்ல இருந்து இன்னொரு ஸ்பூலுக்கு போகும், அப்படியே எடுத்து கழுவ குடுக்க வேண்டியதுதான். அந்த காலி ஸ்பூல் இல்லாம புது ரோல் வாங்கி வச்சுக்கிட்டு முழிக்கிற ஆளுங்கள நான் நெறைய பாத்திருக்கேன். லேப்ல கேட்டா சும்மாவே ஒண்ணு குடுப்பாங்க.

அப்புறம் பின்பக்கம் சின்னதா செகப்பு ஜன்னல் இருக்கும் பாருங்க, அதுல ரோலோட பேப்பர்ல இருக்குற நம்பர் தெரியும், 1, 2ன்னு. அந்த காலத்துல பல ஃபிலிமுக்கு செகப்பு வெளிச்சம் படாது, அதனால அந்த ஜன்னல் திறந்தே கெடந்தாலும் கவலை இல்ல. இப்ப வர்ற ஃபிலிமுக்கு எல்லா நிறமும் படும். அதனால மேல ஒரு கருப்பு டேப்ப ஒட்டி, சுத்தும்போது மட்டும் நிழல்ல நின்னு லேசா தூக்கி நம்பர பாத்துட்டு மூடிருங்க. படம் எடுத்த ஒடனே அடுத்த நம்பருக்கு சுத்திருங்க, இது ஒரு பழக்கமாவே வரணும், இல்லன்னா தாத்தா மேல மாட்டுவண்டி ஏறுன மாதிரி ஒரு படத்து மேலயே இன்னொரு படம் விழும்.

ஷட்டர் ஸ்பீடு நம்ம கைல கிடையாது, ஒரே வேகம், அதுவும் மெதுவான வேகம். மூச்ச புடிச்சு, முழங்கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அமுக்குங்க. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, அதாவது வெளிச்சத்த மெதுவா புடிக்கிற ரோலே ஜாஸ்திதான், ஆனா நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் ஜாஸ்தியானா தாங்கிக்கும், கம்மியானா தாங்காது. 400 ரோல நிழலுக்கும் சாயங்காலத்துக்கும் வச்சுக்கங்க. ஆள மூணு மீட்டராவது தள்ளி நிக்க வைங்க, கிட்ட போனா முகம் மசமசன்னு வரும்.

அப்பாவோட யாஷிகா எம்எஃப்-2 கேமராவுல உள்ள ஒரு ரோல் இருக்கு, மேல நம்பர் 22ல நிக்குது. அவர் தவறி பல வருஷம் ஆச்சு. திறந்து பாக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

திறக்காதீங்கம்மா. இத படிச்சுட்டு இருக்குற நேரத்துல வீட்டுல சின்னப் பசங்க யாரு கைலயும் அந்த கேமரா இல்லன்னு ஒருதடவ பாத்துட்டு வந்து மீதிய படிங்க.

ஏன் இப்படி பதறுறேன்னா எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அத்தை பொண்ணு காதுகுத்துல அப்பா கேமராவ பெஞ்சு மேல வச்சுட்டு சாப்பிட போனாரு, நான் பின்மூடிய திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாத்தேன். லைட் அடிச்சிருச்சு. மொட்டை போட்டது, மாமா மடியில உக்கார வச்சது, குத்தும்போது அழுதது எல்லாம் போச்சு, ரோல்ல மொதல்ல எடுத்த நாலு படம் மட்டும் ஓரத்துல ஆரஞ்சு கோடோட தப்பிச்சுது. அப்பா அடிக்கல. அத்தை இன்னிக்கும் ஞாபகம் வச்சிருக்காங்க, பொண்ணோட கல்யாணத்துலயே சொல்லிக்காட்டுனாங்க.

சரி, நீங்க செய்ய வேண்டியது. கேமராவுக்கு அடியில ஒரு சின்ன பொத்தான் இருக்கும், அத அமுக்கிட்டு, மேல இடதுபக்கம் மடங்கியிருக்குற கைப்பிடிய விரிச்சு அம்புக்குறி காட்டுற பக்கம் மெதுவா சுத்துங்க. மொதல்ல இறுக்கமா வரும், பழைய ரோல் வெறைச்சுப் போயிருக்கும், அதனால வேகமா இழுக்காதீங்க, கிழிஞ்சிரும். சுத்திட்டே இருக்கும்போது ஒரு எடத்துல டப்புன்னு லூசாகும், அதுக்கப்புறமும் பத்து சுத்து சுத்துங்க. மனசுக்கு தைரியம் பத்தலன்னா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு போர்வைக்குள்ள வச்சு திறங்க. கைல ரோல் டப்பி வந்தா அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கலர்னா சி-41ன்னு போட்டிருக்கும். லேப்காரர்கிட்ட "இது ரொம்ப பழைய ரோல், வீட்டு படம், தனியா பாத்து பண்ணுங்க"ன்னு சொல்லியே குடுங்க. கலர் மங்கி, எல்லாம் ஒரு ஊதாவோ பச்சையோ பூசின மாதிரி வரலாம், புள்ளி புள்ளியா இருக்கலாம். அத கருப்பு வெள்ளையா மாத்திப் பாத்தா முகம் தெளிவா வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. கருப்பு வெள்ளை ரோலாவே இருந்தா இன்னும் நம்பிக்கை வைக்கலாம், அது கலர விட நெறைய நாள் தாங்கும்.

என்ன வந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க. எதுவும் வரலன்னாலும் எழுதுங்க.

பட்ஜெட் எட்டாயிரம். ஃபிலிம் கத்துக்கணும். என்ன கேமரா வாங்கலாம் அண்ணா? பெண்டாக்ஸ் கே1000, யாஷிகா எலக்ட்ரோ 35, இல்ல நடிகைங்க வச்சிருக்குற மாதிரி குட்டி பாயிண்ட் அண்ட் ஷூட்?
– மாணவி, கோவை

குட்டி கேமரா வேணாம்மா. அதுல எல்லாமே மோட்டாரும் சர்க்யூட்டும், ஒருநாள் செத்துச்சுன்னா செத்ததுதான், எந்த மெக்கானிக்கும் கை வைக்க மாட்டாரு, ஸ்பேர் எங்கயும் இல்ல. பிரபலங்க கைல தொங்குனதாலயே அதுல சிலதுக்கு இன்னிக்கு ஒரு ஸ்கூட்டர் விலை சொல்றாங்க. அந்த காசுக்கு நீ நாலு வருஷம் ரோல் வாங்கலாம்.

கத்துக்கறதுக்குன்னா முழுசா மெக்கானிக்கல் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாவே பாத்து எடுக்குற கேமரா. கே1000 அதுக்குன்னே பொறந்த மாதிரி, 1976ல இருந்து 1997 வரைக்கும் பெருசா மாத்தாமலே போட்டாங்க, பேட்டரி தீந்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சத்த அளக்குற மீட்டர் மட்டும்தான் போகும். அதுல ஒரு கிறுக்குத்தனம், மீட்டருக்கு ஆஃப் பட்டனே கிடையாது, லென்ஸ் மூடிய போட்டு இருட்டாக்குனாதான் அது தூங்கும். மூடிய தொலைச்சா பேட்டரியும் தொலைஞ்சுது. நிக்கான் எஃப்எம்10, யாஷிகா எஃப்எக்ஸ்-3, ரஷ்ய ஸெனிட் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, பேர விட அந்த கைல இருக்குற பீஸ் எப்படி இருக்குங்கிறதுதான் முக்கியம்.

கடைக்கு போனா கூச்சப்படாம இத பண்ணு. பின்மூடிய திற. ஸ்பீட 1 விநாடில வச்சு அமுக்கு, "ஆயிரத்து ஒண்ணு"ன்னு சொல்லி முடிக்கிற நேரத்துல மூடணும், இழுத்துக்கிட்டே போய் ரெண்டு விநாடி ஆச்சுன்னா உள்ள எண்ணெய் பசையாயிருச்சு. அடுத்து 1000ல வச்சு, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பின்னாடி இருந்து பாத்துக்கிட்டே அமுக்கு, கட்டம் முழுக்க ஒரு மின்னல் மாதிரி தெரியணும், ஒரு ஓரம் இருட்டா இருந்தா வேணாம்னு வச்சுட்டு வா. லென்ஸ கழட்டி மொபைல் டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாரு, சிலந்தி வலை மாதிரி இருந்தா ஃபங்கஸ். பேட்டரி மூடிய திறந்து பச்சை கலர்ல பூத்திருக்கான்னு பாரு. பின்மூடி ஓரத்துல இருக்குற கருப்பு ஃபோம விரலால தொட்டுப்பாரு, தார் மாதிரி ஒட்டுனா பயப்படாத, அது எல்லா பழைய கேமராவுலயும் அப்படித்தான், ஒரு முன்னூறு ரூபா கொறைச்சு கேக்கறதுக்கு உனக்கு ஒரு காரணம் கிடைச்சுதுன்னு வச்சுக்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சுட்டு புது ஃபோம் ஒட்டிக்கலாம், கருப்பு உல்லன் நூல அந்த பள்ளத்துல வச்சு ஒட்டுனா கூட வேலை நடக்கும்.

எலக்ட்ரோ 35 அருமையான லென்ஸ், 1966ல வந்துச்சு. ஆனா ஷட்டர் ஸ்பீட அதுவேதான் முடிவு பண்ணும், உனக்கு கத்துக்க ஒண்ணும் மிச்சம் வைக்காது. அப்படியும் ஆசைன்னா, லீவர சுத்தும்போது உள்ள "டொக்"ன்னு ஒரு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா உள்ள ஒரு பொடி ரப்பர் துண்டு கரைஞ்சு போயிருக்கும், அத மாத்துறதுக்கு கேமராவ பிரிக்கணும்.

விக்கிறவர் "செல்ஃப் டைமர் கூட வேலை செய்யுது பாருங்க"ன்னு அந்த லீவர கீழ இழுக்க போனா கைய புடி. பழைய கேமராவுல அது பாதி வழியில நின்னு ஷட்டரையும் சேத்து புடிச்சுக்கும்.

எங்க வீட்டுல தங்க முலாம் பூசின லைக்கா கேமரா இருக்கு, ஜெர்மன் விமானப்படை சின்னம் போட்டது. எவ்வளவு போகும்?
– பேரு ஊர் ரெண்டுமே வேணாம்னு எழுதியிருக்கார்

லென்ஸ கழட்டி உள்ள மேல்பக்கம் பாருங்க, லென்ஸ் வந்து தொடுற ஒரு சின்ன கை இருக்கும். அதோட நுனியில உருண்டையா ஒரு சக்கரம் இருந்தா லைக்காவா இருக்க வாய்ப்பு உண்டு. முக்கோணமா, ஆப்பு மாதிரி தட்டையா இருந்தா அது சோவியத் கேமரா, ஃபெட் இல்லன்னா ஸோர்க்கி, மேல பித்தளை பாலிஷ் போட்டு கழுகு வெட்டி வித்துட்டாங்க. தங்க கலர்ல விமானப்படை சின்னத்தோட வர்றதுல நான் கைல வாங்கிப் பாத்தது அத்தனையும் இந்த வகைதான்.

ஆனா ஃபெட்டோட நிஜக் கதை அந்த பொய்க் கதைய விட நல்லா இருக்கும். சோவியத் ரகசிய போலீஸ தொடங்குன ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ட்ஸெர்ஜின்ஸ்கியோட மூணு மொத எழுத்துதான் ஃபெட். கார்கிவ் நகரத்துல ஆதரவில்லாத பசங்களுக்குன்னு நடந்த ஒரு கம்யூன்ல, அந்த பசங்களே 1934ல இருந்து லைக்காவ பாத்து காப்பியடிச்சு செஞ்ச கேமரா அது. தங்கத்த சுரண்டிட்டு ஒரு ரோல் போட்டு எடுங்க. ஒண்ணே ஒண்ணு, மொதல்ல ரோல் சுத்துற குமிழ சுத்திட்டு அப்புறம்தான் ஸ்பீட மாத்தணும், மாத்தி செஞ்சா உள்ள பல்லு ஒடையலாம்.

லென்ஸ்ல ஃபங்கஸ் வந்துருச்சு. அரிசி டப்பாவுல போட்டு வைக்கலாமா?
– நாகர்கோவில், சென்னை, காரைக்கால்ல இருந்து மொத்தம் ஆறு பேர்

கடலோரக்காரங்களுக்கு இது சொத்து மாதிரி கூடவே வர்ற பிரச்சனை. அரிசி வேணாம், அந்த மாவு தூசி உள்ள போய் ஃபங்கஸுக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிடும்.

பாதி பேரு கேமராவ அந்த பழைய தோல் உறையோட அப்படியே வச்சிருக்கீங்க, உறை தோல், தோல் ஈரத்த இழுக்கும், ஃபங்கஸுக்கு அதான் மெத்தை. மொதல்ல உறைய தனியா எடுத்து வைங்க, அழகா இருக்குன்னா ஷோகேஸ்ல வைங்க. கேமராவ காத்து புகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட போடுங்க. ஜெல் நிறம் மாறினா காய வச்சு திரும்ப போடலாம், ஆனா தோசைக்கல்லுல வறுக்காதீங்க, அந்த நீல நிறம் கோபால்ட், வயித்துக்கு ஆகாது, அதுக்குன்னு ஒரு பழைய தட்டு தனியா வச்சுக்கங்க. இத விட சுலபமான வைத்தியம் ஒண்ணு இருக்கு, வாரத்துல ஒருநாள் எடுத்து சுத்துங்க. காத்தும் வெளிச்சமும் படுற லென்ஸ்ல ஃபங்கஸ் அவ்வளவு சீக்கிரம் குடியேறாது.

வந்துருச்சுன்னா? வெளி கண்ணாடியில இருந்தா துடைச்சா போயிரும். உள்ள இருந்தா மெக்கானிக்குகிட்ட குடுங்க. ரொம்ப நாள் இருந்தா அது கண்ணாடி மேல இருக்குற பூச்ச அரிச்சிருக்கும், ஃபங்கஸ எடுத்தாலும் தழும்பு நிக்கும், அதுக்காக லென்ஸ தூக்கிப் போட வேணாம், சூரியன பாத்து எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளிறும்.

இன்னொருத்தர் லென்ஸ் மஞ்சளா ஆயிருச்சுன்னு கேட்டிருந்தார், சூப்பர் டகுமார் 50 எம்எம் 1.4. அது ஃபங்கஸ் இல்லீங்க, அந்த கண்ணாடியில தோரியம் கலந்திருப்பாங்க, அந்த கதிர்வீச்சுலயே வருஷக்கணக்குல கண்ணாடி மஞ்சளாகும். ஜன்னல் வெயில்ல பல நாள் வச்சா வெளுக்கும். பின்பக்கத்த மூடாம வெயில்ல விட்டுட்டு திரைச்சீலைய எரிச்சுக்காதீங்க, லென்ஸ் பூதக்கண்ணாடியும்தான்.

கேனோனெட் க்யூஎல்17ல மீட்டர் காட்டுறத நம்பி எடுத்தா எல்லா படமும் இருட்டா வருது.
– வங்கி ஊழியர், சேலம்

பேட்டரிதான் சார். அது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்கு செஞ்ச மீட்டர், மெர்குரி பேட்டரி இப்ப வர்றதில்ல. கடையில குடுத்த 1.5 வோல்ட்ட போட்டிருப்பீங்க, மீட்டர் இல்லாத வெளிச்சத்த இருக்குன்னு சொல்லும். காது கேக்குற மிஷினுக்கு போடுற 675 நம்பர் ஸிங்க் ஏர் பேட்டரி வாங்கி, சுத்தி ஒரு ரப்பர் வளையம் போட்டு உக்கார வைங்க. 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியா இருக்கும். ஸ்டிக்கர உரிச்சா ரெண்டு மூணு மாசம்தான் வரும், பரவாயில்ல, விலை கம்மி.

ஊட்டி ஃபேக்டரியோட இந்து ஃபிலிம் இப்ப எங்கயாவது கிடைக்குமா? எங்க ஸ்கூல்ல அதுலதான் குரூப் போட்டோ எடுத்தாங்க.
– வாசகர், குன்னூர்

ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960ல கம்பெனி பதிவாச்சு, 1967ல உற்பத்தி ஆரம்பிச்சுது, பிரான்ஸ் நாட்டு பாஷே கம்பெனியோட தொழில்நுட்பம். ஊட்டிய ஏன் புடிச்சாங்கன்னா தூசி கம்மி, குளிர்ச்சி, ஃபிலிம் மேல பூச்சு பூசும்போது ஒரு தூசி விழுந்தாலும் அது படத்துல ஒரு புள்ளி. கருப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் பேப்பர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்க இருந்து வந்துச்சு, எங்கப்பா ஸ்டூடியோவுல பாஸ்போர்ட் சைஸ் முழுக்க அந்த பேப்பர்லதான் ஓடுச்சு. அப்புறம் கலர் வந்துச்சு, அதுக்கு பின்னாடி டிஜிட்டல் வந்துச்சு, ஃபேக்டரி நொடிச்சு, கடைசியில மூடிட்டாங்க. இந்து நகர்ங்கிற பேரு மட்டும் ஊட்டியில இன்னும் இருக்கு.

எப்பவாவது பழைய கடையில காலாவதியான ரோல் தட்டுப்படும். ஞாபகத்துக்கு வாங்கி வச்சுக்கங்க, விசேஷத்துக்கு போட்டுறாதீங்க.

கருப்பு வெள்ளை ரோல வீட்டுலயே கழுவணும்னு ஆசை. எல்லா புத்தகத்துலயும் 20 டிகிரின்னு போட்டிருக்கு. எங்க ஊர்ல பைப்ப திறந்தா வெந்நீர்தான் வருது.
– வாசகர், வேலூர்

இந்த கேள்விக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன்.

வேலூருக்கு எழுதின புத்தகம் இல்லைங்க அது. ஆனா வழி இருக்கு, எங்கப்பா மே மாசத்துல கல்யாண ஆர்டர் கழுவுன ஆளு, ஏசிய கண்ணால பாத்ததில்ல. ஐஸ்காரர்கிட்ட கட்டி வாங்கி ஒரு பெரிய அண்டா தண்ணியில போட்டு, படத்த வெளிய கொண்டு வர்ற டெவலப்பர் பாட்டில், அத அழியாம நிறுத்துற ஹைப்போ பாட்டில், கழுவுற தண்ணி கேன் எல்லாத்தையும் அந்த அண்டாவுக்குள்ள கழுத்தளவுக்கு உக்கார வச்சிருவாரு. ஐஸ ஒருநாளும் டெவலப்பருக்குள்ளயே போடக்கூடாது, அது உருக உருக கரைசல் நீர்த்துப் போகும். அரைமணி நேரத்துல எல்லாம் ஒரே குளிர்ச்சிக்கு வந்துரும். இதுல சூட்சுமம் 20ங்கிற நம்பர் இல்ல, எல்லா பாட்டிலும் ஒரே டிகிரியில இருக்கணுங்கிறதுதான். 24ல டெவலப் பண்ணுங்க, தப்பில்ல, நேரத்த கொறைச்சுக்கங்க, ஃபிலிம் கம்பெனி அட்டவணையில எந்த டிகிரிக்கு எத்தன நிமிஷம்னு இருக்கும். ஆனா 24ல டெவலப் பண்ணிட்டு 34 டிகிரி பைப் தண்ணியில அலசினீங்கன்னா ஃபிலிம் மேல இருக்குற ஜெலட்டின் பூச்சு சுருங்கி விரிஞ்சு வெடிச்சு, படம் முழுக்க காஞ்ச ஏரி மாதிரி பாளம் பாளமா வரும்.

நேரம் ரொம்ப கொறைஞ்சாலும் ஆபத்து. அஞ்சு நிமிஷத்துக்கு கீழ போனா ஒரு பக்கம் கருப்பா ஒரு பக்கம் வெளுப்பா திட்டு திட்டா வரும். அதுக்குத்தான் டி-76 டெவலப்பர தண்ணியோட ஒண்ணுக்கு ஒண்ணு கலக்கச் சொல்றது. வேகம் கொறையும், நேரம் நீளும், நம்ம ஊரு சூட்டுக்கு அது ரொம்ப பாந்தமா இருக்கும், டெவலப்பரும் பாதிதான் செலவு. டி-76ல ரகசியம் ஒண்ணுமில்ல, லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். அப்பா தராசுல நிறுத்து அவரே கலக்குவாரு. மெட்டால் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் கருத்து வெடிச்சிருக்கும், நீங்க கையுறை போட்டுக்கங்க.

மொத தடவ ஒரு வீணான ரோல பகல்ல கண்ண மூடிக்கிட்டு, டெவலப் பண்ற டப்பாவுக்குள்ள வர்ற ரீல்ல ஏத்திப் பழகுங்க, ஒரு இருபது தடவ. அப்புறம் ராத்திரி பாத்ரூம். கதவுக்கடியில துணி, வாட்ச கழட்டணும், மொபைல வெளிய வைக்கணும், கீஸர்ல எரியுற குட்டி செகப்பு லைட்ட மறந்துறாதீங்க, நான் மறந்திருக்கேன்.

தண்ணி பத்தி ஒண்ணு. போர் தண்ணியில அலசி காயப்போட்டா உப்பு திட்டு அப்படியே முகத்து மேல நிக்கும். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணியில பண்ணுங்க. பழைய ஹைப்போவ கெணத்தடியில, செடியில ஊத்தாதீங்க, அதுல வெள்ளி கரைஞ்சிருக்கு. அப்பா ஸ்டூடியோவுக்கு மாசம் ஒருதடவ சைக்கிள்ல ஒருத்தர் வந்து தீந்துபோன ஹைப்போவ கேன்ல வாங்கிட்டு போவாரு, அதுல இருந்து வெள்ளிய எடுத்து வித்துருவாரு. நாங்க அவர வெள்ளிக்காரர்னுதான் கூப்பிடுவோம்.

இன்ஸ்டன்ட் காபில கூட கழுவலாமேன்னு கேட்டிருக்கீங்க. காபித்தூள், வாஷிங் சோடா, வைட்டமின் சி கலந்து கழுவுறாங்க, வேலையும் செய்யுது. ஆனா டப்பாவ திருப்பி படிங்க, நம்ம கடையில விக்கிற பாதி காபித்தூள்ல சிக்கரி கலந்திருக்கும், சிக்கரிக்கு அந்த சக்தி பத்தாது. சுத்த காபியா பாத்து, அதுலயும் மலிவா இருக்குறத வாங்குங்க. நாத்தம் அடிக்கும், வீட்டுல சொல்லிட்டு ஆரம்பிங்க.

வெயில பத்தி பொலம்பும்போதெல்லாம் நான் நெனைச்சுக்கறது லின்னேயஸ் ட்ரைப்ப. வெள்ளைக்கார அரசாங்கத்து போட்டோகிராபர், 1858ல மாட்டுவண்டி காலத்துல நம்ம ஊருங்கள சுத்துனவர். தஞ்சாவூர் பெரிய கோவில் அடித்தளத்துல ஓடுற கல்வெட்ட 21 துண்டா படம் புடிச்சு ஒட்டியிருக்காரு, நீளம் 19 அடி. மெழுகு தடவுன காகிதத்துலதான் நெகட்டிவ், அதயும் போற எடத்துலயே கழுவணும்.

ஏர்போர்ட் எக்ஸ்ரேல ரோல் கெட்டுப்போகுமா?
– சிங்கப்பூர் போற ஒரு வாசகர்

செக்-இன் பெட்டியில போடவே போடாதீங்க. கைப்பையில இருந்தா பழைய எக்ஸ்ரே மிஷின் ஒண்ணு ரெண்டு தடவ பரவாயில்ல, இப்ப பல எடத்துல வந்திருக்குற சிடி ஸ்கேனர் ஒரே தடவையில ஃபிலிம மூட்டமாக்கிரும். ரோல எல்லாம் ஒரு தெளிவான பிளாஸ்டிக் கவர்ல போட்டு கைல எடுத்துக்கிட்டு, கையால செக் பண்ணச் சொல்லி பணிவா கேளுங்க. சில எடத்துல கேப்பாங்க, சில எடத்துல மொறைப்பாங்க.

மொபைல்ல 50 மெகாபிக்சல் இருக்கு. இந்த காலத்துல காச கரியாக்கி ஃபிலிம் எதுக்கு? சும்மா ஃபேஷனா?
– பொறியாளர், ஓசூர்

ஆமா சார், கொஞ்சம் ஃபேஷன்தான், மறுக்கல. ரோல், கழுவுறது, ஸ்கேன் எல்லாம் சேத்தா ஒரு படத்துக்கு ஒரு தோசை காசு ஆகுது. எனக்கு அந்த தோசை புடிச்சிருக்கு. என் மொபைல்ல பதினோராயிரம் படம் இருக்கு, என் பொண்ணு மொத நாள் ஸ்கூலுக்கு போன படம் அதுல எங்க இருக்குன்னு கேட்டா தேடணும். எங்கம்மாவோட மொத்த இருபது வருஷமும் நாப்பத்தி மூணு படம்தான், ஒவ்வொண்ணும் எந்த வருஷம், எந்த புடவை, யாரு எடுத்தாங்கன்னு அம்மா கண்ண மூடிக்கிட்டு சொல்லுவாங்க. உங்களுக்கு மொபைல் போதும்னா போதும் சார், சண்டை இல்ல.

1974ல நடந்த எங்க கல்யாண நெகட்டிவ் ஸ்டூடியோக்காரர் கடைய மூடும்போது கூப்பிட்டு குடுத்தார். டப்பாவ திறந்தா வினிகர் வாடை அடிக்குது, சிலது சுருண்டு போச்சு. காப்பாத்த முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

சார், அந்த வாடை நெகட்டிவ் அழுகுற வாடை. ஃபிலிமோட அடிப்படை செல்லுலோஸ் அசிடேட், அது சூட்டுலயும் ஈரத்துலயும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிய வரும், வினிகர்ல இருக்குறதும் அதேதான். கொடுமை என்னன்னா வந்த அமிலமே மிச்சத்தையும் வேகமா அரிக்கும், பக்கத்துல இருக்குற நல்ல நெகட்டிவுக்கும் தொத்தும். நிறுத்த முடியாது, தள்ளிப் போடலாம். இன்னிக்கே வாடை அடிக்கிறத தனியா, அடிக்காதத தனியா பிரிச்சிருங்க. தகர டப்பா வேணாம், பேப்பர் உறையில போட்டு வீட்டுல குளுமையா இருக்குற எடத்துல வைங்க.

அப்புறம் காத்திருக்காம படமா மாத்திருங்க, பெரிய ஸ்கேனர் எல்லாம் தேவையில்ல. பேரன்கிட்ட டேப்லெட் இருந்தா முழு வெளிச்சத்துல வெறும் வெள்ளைத் திரைய வைக்கச் சொல்லுங்க. நெகட்டிவ நேரா திரை மேல வச்சா அந்த பொடிப்பொடி கட்டம் எல்லாம் படத்துல தெரியும், அதனால ரெண்டு தீப்பெட்டி வச்சு ஒரு கண்ணாடித் துண்டு மேல தூக்கி வைங்க. அறைய இருட்டாக்கிட்டு மேல இருந்து நேரா ஒரு கேமராவாலயோ மொபைலாலயோ எடுத்து, நிறத்த தலைகீழா மாத்துற ஒரு ஆப்ல போட்டா படம் வந்துரும். சுருண்டத வெறைப்பா நிமித்தாதீங்க, கண்ணாடிக்கு கீழ மெதுவா படிய விடுங்க, வெடிக்கிற மாதிரி இருந்தா வளைவோடயே எடுத்துருங்க.

நெகட்டிவுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பளபளப்பான பக்கம் கேமராவ பாத்து இருக்கணும், மாத்தி வச்சா எல்லாம் இடம் வலமா வந்துரும். அம்மாவோட முந்தானைய பாருங்க, வலது தோள்ல விழுந்திருந்தா திருப்பிப் போட்டுட்டீங்கன்னு அர்த்தம். மடிசார்னா இந்த கணக்கு செல்லாது, அப்ப பின்னாடி வரிசையில நிக்கிற மாமா யாராவது ஒருத்தரோட சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.